கட்டம் கட்டமாகத் தெரிந்த வீடு

இன்னும் கட்டாத வீடுகளைப் படமாக்கிக் காட்டுவதுதான் என் வேலை. இன்ஜினியர்கள் பிளான் அனுப்புவார்கள். அதை வைத்துக் கம்ப்யூட்டரில் சுவர் எழுப்பி, ஜன்னல் வைத்து, வெயில் எந்தப் பக்கமிருந்து விழ வேண்டும் என்று சொல்லிவிட்டு ஒரு பொத்தானை அழுத்துவேன். அதற்குமேல் என் கையில் ஒன்றும் இல்லை. வெயில் சுவரில் பட்டு, அங்கிருந்து தரைக்கு வந்து, தரையிலிருந்து கூரைக்குப் போகிற கணக்கையெல்லாம் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பிராசஸர்தான் போட்டு முடிக்க வேண்டும். அதற்கு ரெண்டர் என்று பெயர். என் பழைய கம்ப்யூட்டரில் ஒரு படத்துக்கு ஐந்து மணி நேரம் ஆகும்.

பொத்தானை அழுத்தியதும் திரை கருப்பாகும். கருப்புக்குள் நான்கு சின்னச் சதுரங்கள் வரும். பிராசஸருக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் நான்கு கோர் இருப்பதால் நான்கு சதுரம். ஒவ்வொன்றும் ஓரிடத்தில் நின்று, அந்த இடம் தெளிகிற வரைக்கும் காத்திருந்து, பிறகு பக்கத்து இடத்துக்கு நகரும். நகர்ந்த இடத்தில் வீட்டின் ஒரு துண்டு மிஞ்சி நிற்கும். ஒரு தூணின் பாதி. கைப்பிடிச் சுவரின் ஒரு முனை. எங்கேயோ வானம்.

பகல் பன்னிரண்டுக்குக் கோயில் மணி அடிக்கும்போது ரெண்டரைப் போட்டுவிட்டுக் கீழே இறங்கிச் சாப்பிடுவேன். திரும்ப மாடி அறைக்கு வந்து பாயை விரித்துப் படுப்பேன். அந்த அறையின் ஜன்னலில் சிறுமலை தெரியும். சித்திரை வெயிலில் மலை நீலமாக, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி நிற்கும். கம்ப்யூட்டர் பெட்டிக்குள் ஃபேன் சுற்றும் சத்தம் தூரத்தில் எங்கோ தண்ணீர் ஓடுகிற மாதிரி இருக்கும். கண் சொருகும். அரைத்தூக்கத்தில் நான் அந்த வீட்டுக்குள் போய்விடுவேன். பிளானில் இல்லாத அறைகள் அதில் இருக்கும். ஓர் அறையின் கதவைத் திறந்தால் இன்னோர் அறை, அதற்கு அப்பால் முருங்கை மரம் நிற்கிற ஒரு கொல்லை. யாரோ உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார்கள். விழித்துப் பார்த்தால் திரையில் முக்கால் வீடு வந்திருக்கும்.

சேவுகம்பட்டியில் என் அக்கா இருக்கிறாள். அவளைப் பார்க்கப் போகும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்வேன். தென்னந்தோப்புக்கும் வெங்காயக் காட்டுக்கும் நடுவில் திடீரென்று எனக்குத் தெரிந்த வீடு ஒன்று நின்றுகொண்டிருக்கும். நான் போட்ட தூண், நான் வைத்த வளைவு. நிறம் மட்டும் நான் கொடுத்ததாக இருக்காது. அந்த வீட்டுக்காரர்களை எனக்குத் தெரியாது. ஆனால் அவர்கள் வீட்டு வராந்தாவில் நான்கு மணி வெயில் எதுவரைக்கும் வரும் என்று எனக்குத் தெரியும்.

பிராசஸரை மாற்றலாமா என்ற பேச்சை முதலில் எடுத்தவர் என் வீட்டுக்காரர். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எதையும் நாலு பேரைக் கேட்டு, பத்து வீடியோ பார்த்து, கட்டம் போட்ட தாளில் எழுதி ஒப்பிட்டுப் பார்க்காமல் வாங்க மாட்டார். குக்கர் வாங்கவே ஒரு கோடை விடுமுறை முழுக்க யோசித்தவர். ஒரு நாள் நான் பாயில் படுத்திருக்கும்போது பள்ளிவிட்டு வந்து, திரையைப் பார்த்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து, இது பழசாகிவிட்டது, இப்போது வருகிற பிராசஸரெல்லாம் இதைப்போல் நாலைந்து மடங்கு வேகம் என்றார். அன்றைக்கு ஆரம்பித்த பேச்சு இரண்டு வருஷம் ஓடியது.

பேச்சு இப்படிப் போகும். அவர் ஒரு பிராசஸரைத் தேர்ந்தெடுப்பார். அதற்கு, பிராசஸர் உட்காருகிற மதர்போர்டையும் மாற்ற வேண்டும் என்பார். போர்டு மாற்றினால் அதில் செருகியிருக்கும் மெமரி, ராம் என்பார்கள், அதையும் மாற்ற வேண்டும். எல்லாவற்றையும் மாற்றுவதற்குப் புதுசே வாங்கிவிடலாம் என்பேன். அவர் தாளை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொள்வார். அடுத்த மாதம் புதிதாக ஒன்று வந்திருக்கும். முந்தையதன் விலை இறங்கியிருக்கும். இன்னும் கொஞ்சம் பொறுத்தால் இதுவும் இறங்கும் என்று இரண்டு பேரும் ஒத்துக்கொள்வோம். எனக்கு உள்ளூர அவசரமும் இல்லை. அந்த ஐந்து மணி நேரம் எனக்குப் பழகிவிட்டிருந்தது.

ஒரு வைகாசியில் கம்ப்யூட்டர் நடுவில் நடுவில் தானாக அணைய ஆரம்பித்தது. பெட்டியை ஆட்டோவில் வைத்துப் பேகம்பூருக்குக் கொண்டுபோனேன். பள்ளிவாசல் தெருவைத் தாண்டி ஒரு சந்தில் சின்னக் கடை. கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு வேலை பார்ப்பார், பேச வேண்டுமென்றால் இறக்கிப் போட்டுக்கொள்வார். பெட்டியைத் திறந்து காட்டினார். ஃபேனுக்கடியில் தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. பிராசஸர் மேலே தடவியிருக்கும் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகிவிட்டிருந்தது. அதனால் சூடு வெளியே போக வழியில்லாமல் பிராசஸர் தன்னையே மெதுவாக்கிக்கொண்டு ஓடியிருக்கிறது என்று விளக்கினார். சுத்தம் செய்து, புதுப் பேஸ்ட் தடவி, ஓடவிட்டுப் பார்த்தார். ஐந்து மணி நேரம் நான்கரையாக இறங்கியது.

வந்ததோடு வந்தது, பிராசஸர் மாற்றுவதைப் பற்றியும் கேட்டேன். என்னிடம் விற்றுவிட வேண்டும் என்று அவர் பறக்கவில்லை. போர்டை ஒருமுறை விளக்கடியில் பார்த்து, இதே போர்டில் உட்கார்கிற பெரிய பிராசஸர் ஒன்று இருக்கிறது, போர்டுக்குள்ளிருக்கும் மென்பொருளைப் புதுப்பித்தால் ஏற்றுக்கொள்ளும், மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும் என்றார். என் வீட்டுக்காரர் இரண்டு வருஷமாகப் போட்ட கணக்கில் இது மட்டும் இல்லை.

"ஆனா இப்பவே வாங்காதீங்கக்கா. ஒரு வாரம் ஒரு நோட்டுல எழுதி வைங்க. இந்தப் பெட்டி ஓடி முடிக்கட்டும்னு நீங்க எம்புட்டு நேரம் சும்மா ஒக்காந்திருக்கீங்கன்னு. அப்புறம் வாங்க, பேசுவோம்" என்றார்.

எழுதினேன். திங்கள்: நான்கரை மணி நேரம். அதில் சமையல், சாப்பாடு, தூக்கம், மொட்டைமாடியில் காயவைத்த மிளகாயைத் திருப்பிப் போட்டது. செவ்வாய்: வெங்காயம் உரித்தது, தூக்கம். புதன்: அம்மாவோடு போனில் பேச்சு, தூக்கம். சனிக்கிழமை என் வீட்டுக்காரர் நோட்டை வாங்கிப் படித்தார். சிரிக்காமல்தான் படித்தார். கடைசியில், உண்மையாகவே சும்மா உட்கார்ந்திருந்த நேரம் வாரத்துக்கு நாற்பது நிமிஷம்தான், இதற்காகப் பிராசஸர் மாற்றுவது தேவையில்லாத செலவு என்று முடிவு சொன்னார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. நோட்டை மூடி வைத்தோம்.

அந்த ஆடியில் ரெட்டியார்சத்திரம் பக்கத்திலிருந்து ஒரு புருஷனும் பெண்சாதியும் வந்தார்கள். இன்ஜினியர் அனுப்பித்தான் வந்தார்கள். பொதுவாக வீட்டுக்காரர்கள் என்னிடம் நேரில் வரமாட்டார்கள். படம் போனுக்குப் போய்விடும். இவர்கள் வர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததாக இன்ஜினியர் சொன்னார். மல்லிகைத் தோட்டம் வைத்திருப்பவர்கள். அவருக்கு ஐம்பது இருக்கும், அந்த அக்காவுக்கு நாற்பத்தைந்து. மாடிப்படி ஏறும்போது அக்கா கைப்பிடியை விடவே இல்லை. ஒவ்வொரு படியையும் கால்விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் ஏறினார்.

அறைக்குள் வந்து உட்கார்ந்ததும் அந்த அக்காவேதான் சொன்னார். கண்ணின் ஓரமெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அணைந்துகொண்டு வருகிறதாம். முதலில் இருட்டில் தெரியாமல் போனது. விடிவதற்கு முன்னால் பூப்பறிக்கப் போனவர் வாய்க்காலில் விழுந்தார். பிறகு பகலிலும் பக்கவாட்டில் யார் வந்தாலும் தெரிவதில்லை. இப்போது குழாய் வழியாகப் பார்ப்பதுபோல நடுவில் மட்டும் ஒரு வட்டம். மதுரைக்குப் போய்க் காட்டியிருக்கிறார்கள். நிறுத்த முடியாது, எவ்வளவு சீக்கிரம் என்பதும் சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இதையெல்லாம் அவர் அழுகையில்லாமல், வேறு யாருக்கோ நடந்ததைப்போலச் சொன்னார். புருஷன்காரர் ஜன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீடு முடிய ஒரு வருசம் ஆகுங்கிறாங்க தங்கச்சி. அப்ப எனக்கு எம்புட்டு தெரியும்னு யாருக்குத் தெரியும். அதான் இப்பவே ஒருக்காப் பாத்து மனசுல வச்சுக்கிட்டா, அப்புறம் நடமாடிக்கிருவேன்" என்றார்.

நான் செய்து வைத்திருந்தது வீட்டின் முன்பக்கப் படம் மட்டும். அதைத் திரையில் வைத்தேன். அவர் கிட்டே வந்து பார்த்தார். அப்புறம் எழுந்து அறையின் வாசல்வரை பின்னால் போய் நின்று பார்த்தார். அங்கிருந்து முழு வீடும் அவருடைய வட்டத்துக்குள் வந்தது, ஆனால் தீப்பெட்டி அளவாக. கிட்டே வந்தால் ஒரு தூண் மட்டும். நல்லா இருக்கு என்றார். எங்களுக்காகச் சொன்னார் என்று தெரிந்தது.

சமையலறைக்குள்ளே எப்படி இருக்கும் என்று கேட்டார். உள்ளறைகளை நான் பாதிதான் செய்திருந்தேன். அவசரமாக அடுப்புத் திண்டும் பாத்திரத் தொட்டியும் ஜன்னலும் வைத்து ரெண்டரைப் போட்டேன். நான்கரை மணி நேரமாகும், கடைவீதிக்குப் போய்விட்டு வாருங்கள் என்றேன். புருஷன்காரர் போனார். அக்கா போகவில்லை. இங்கேயே செத்த நேரம் இருக்கேன் என்று நாற்காலியைத் திரைக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கருப்புத் திரையில் நான்கு சதுரங்கள் வந்தன. நான் கீழே போய்க் காப்பி போட்டு எடுத்து வந்தபோது அவர் முகத்தைத் திரைக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்திருந்தார். காப்பியை நீட்டியதும் தெரியவில்லை. ஒரே ஒரு சதுரத்தைப் பிடித்துக்கொண்டு அதோடு கூடவே போய்க்கொண்டிருந்தார்.

"இது ஜன்னல் கம்பி. இப்ப சொவரு. இன்னும் சொவருதான்" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தார். சதுரம் அவருடைய கண்ணின் வட்டத்துக்குள் அளவாகப் பொருந்தியிருந்தது. சுற்றிலும் கருப்பாக இருந்ததால் கண் வேறெங்கும் அலையவில்லை. அது ஓரிடத்தில் நின்று தெளிகிறவரைக்கும் அவரும் நின்றார். நகர்ந்தால் நகர்ந்தார்.

நான் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தேன். அன்றைக்கு நான் தூங்கவில்லை. ஆனால் விழித்திருந்ததுபோலவும் இல்லை. வெளியே ஆடிக்காற்று தென்னைகளைப் போட்டு உலுக்கிக்கொண்டிருந்தது. அவர் குரல் மட்டும் அறைக்குள் ஒரு வீட்டைக் கொண்டுவந்துகொண்டிருந்தது. இங்க தொட்டி. தொட்டிக்குப் பக்கத்துல என்னமோ பளபளன்னு, குழாயா? குழாய்தான். நாலு வருஷமாக அந்தச் சதுரங்களைப் பார்க்கிறேன். இப்படிக் கூடவே நடந்து பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியதில்லை.

ஏறக்குறைய மூன்று மணிக்கு அவர் விரலால் திரையைத் தொட்டார். சமையலறையிலிருந்து பின்கட்டுக்குப் போகிற கதவுக்கடியில் தரை கொஞ்சம் நிறம் மாறியிருப்பது என்ன என்று கேட்டார். படி, பின்கட்டு அரை அடி தாழ்ந்திருக்கிறது என்றேன். பிளானில் அப்படித்தான் இருந்தது. நான் அதைக் கவனித்ததே இல்லை.

"அங்கதான் விழுவேன்" என்றார் சாதாரணமாக.

புருஷன்காரர் திரும்பி வந்ததும் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசினார்கள். இன்ஜினியருக்குப் போன் போட்டோம். படியை எடுத்துவிட்டுச் சரிவாகத் தரை போடலாம் என்றார். அக்கா அதோடு நிறுத்தவில்லை. சுவரும் கதவு நிலையும் ஒரே மாதிரி வெளுப்பாக இருக்கிறது, வழி எங்கே என்று தெரியவில்லை, நிலைக்கு அடர்ந்த நிறம் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார். அடுப்புத் திண்டின் விளிம்புக்கும் அப்படி. ஒவ்வோர் அறையையும் தன் உயரத்திலிருந்து பார்க்க வேண்டும் என்றார். நான் எப்போதும் கேமராவை ஓர் ஆண்பிள்ளையின் கண் உயரத்தில் வைப்பது வழக்கம். அக்கா எழுந்து நின்று காட்டினார். என் தோள்வரைதான் இருந்தார்.

அவர்கள் போனபிறகு தாளில் எழுதிப் பார்த்தேன். ஒன்பது படங்கள். ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று விதமாக மாற்றிப் பார்க்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு படம் என்றால் மாதம் போய்விடும். நடுவில் மற்ற வேலைகள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் அவர் பஸ் ஏறி வந்து அந்தப் படிகளைத் தடவி ஏற வேண்டும்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து, அந்த அக்கா வந்துபோனதைச் சொன்னேன்.

"பிராசஸர மாத்திருவோம்" என்றேன்.

பேனாவை மூடினார். "நோட்டுல நாப்பது நிமிசம்தான இருந்துச்சு?"

"அது என் நேரம். இது அவங்க நேரம்."

அவர் விடைத்தாள்களை ஒதுக்கி வைத்தார். அந்த அக்காவுக்கு என்ன கண்நோய், டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டார். சொன்னேன். இந்த வேலை முடிந்தபிறகு அந்தப் பிராசஸருக்கு வேலை இருக்குமா என்று கேட்டார். தெரியவில்லை, இல்லாமலும் போகலாம் என்றேன்.

"சரி. நாளைக்கு நானும் வாரேன். எந்தப் பிராசஸர்னு ஒருக்காப் பாத்துக்கிறேன்" என்றார். பாக்கெட்டிலிருந்து தாளை எடுக்கவில்லை. அது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

பேகம்பூர்க் கடையில் அவர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் கடைக்காரர் பொறுமையாகப் பதில் சொன்னார். சூடு எவ்வளவு ஏறும், இந்த ஃபேன் தாங்குமா, மின்சாரம் கூடுதலாக இழுக்குமா. ஃபேனை மட்டும் கொஞ்சம் பெரிதாகப் போடச் சொன்னார் கடைக்காரர். பிறகு பழைய பிராசஸரைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு பிஸ்கட் அளவுகூட இல்லை. இத்தனை வீடுகளும் இதற்குள்ளிருந்தா வந்தன என்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். புதியதும் அதே அளவுதான். அதை அதன் இடத்தில் வைத்து, கொக்கியைச் சாய்த்து, மேலே ஒரு சொட்டுப் பேஸ்ட் வைத்தார். பிஸ்மில்லா என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு சுவிட்சைப் போட்டார்.

வீட்டுக்கு வந்து முதல் ரெண்டரைப் போட்டபோது என் வீட்டுக்காரர் கடிகாரத்தோடு பக்கத்தில் நின்றார். எட்டுக் கோர், ஒவ்வொன்றும் இரண்டு வேலை பார்க்கும், ஆகவே பதினாறு சதுரங்கள் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். அப்படியே பதினாறு வந்தன. மழைத்துளி முதலில் விழும்போது தரையில் அங்கங்கே புள்ளி விழுமே, அதுபோல வந்தன. ஒன்றைப் பார்க்கும்போது இன்னொன்று நகர்ந்துவிட்டிருந்தது. ஐம்பத்தைந்து நிமிஷத்தில் முடிந்தது. அவருக்கு அவ்வளவு சந்தோஷம். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் பாயை விரிப்பதற்கு நேரமில்லாமல் போனது ஒரு மாதிரி இருந்தது.

நான்கு நாட்களில் ஒன்பது படங்களில் எட்டை முடித்துவிட்டு அவர்களை வரச் சொன்னேன். அக்கா வந்து, பழையபடி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவருக்குப் பிடிக்குமே என்று பின்கட்டுப் படத்தை மட்டும் முடிக்காமல் வைத்திருந்தேன். அவர் முன்னாலேயே ரெண்டரைப் போட்டேன்.

ஒரு நிமிஷம் பார்த்தார். முகத்தை இங்கும் அங்கும் திருப்பினார். கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

"ஈசல் பறக்கிற மாதிரி இருக்கு தங்கச்சி. எதப் பிடிக்கிறதுன்னு தெரியல."

அவருக்காகத்தான் வாங்கினேன். அதுவே அவருக்கு ஆகாமல் போய்விட்டது. ரெண்டரை நிறுத்தினேன். கோர்களைக் குறைத்து ஓடவிடலாம் என்று தோன்றியது. ஆனால் அப்படிச் செய்தால் மறுபடி பழைய கதைதான், பொழுது போய்விடும். புருஷன்காரர்தான் சொன்னார், முடிஞ்ச படத்தையே கொஞ்சம் கொஞ்சமாத் தெறந்து காட்ட முடியாதாம்மா என்று.

ஏன் முடியாது? போட்டோ திருத்துகிற மென்பொருளைத் திறந்தேன். முடிந்த படத்தின் மேல் கருப்பாக ஒரு தாள் போட்டேன். தாளின் நடுவில் சதுரமாக ஓர் ஓட்டை. தாளை நகர்த்தினால் ஓட்டையும் நகரும். அவ்வளவுதான், ஐந்து நிமிஷ வேலை. அவர் முகத்தைக் கிட்டே கொண்டுவந்தார். வாசல் நிலையில் ஆரம்பித்தேன்.

"மெதுவா. இன்னும் மெதுவா. அங்கன நில்லு" என்றார். நின்றேன். "கீழ எறங்கு. தரை எங்கன ஆரம்பிக்குதுன்னு பாக்கணும்." இறங்கினேன். "திரும்ப மேல போ." பிராசஸர் ஓட்டிய சதுரங்கள் தங்கள் போக்கில்தான் போகும். திரும்பி வரச் சொன்னால் வராது. இது அவர் சொன்ன இடத்துக்கெல்லாம் போனது. நடுக்கூடத்தில் இடது பக்கச் சுவரோரமாகவே போகச் சொல்லி, எத்தனை ஜன்னல், ஜன்னலிலிருந்து அடுத்த கதவுக்கு எத்தனை எட்டு வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே வந்தார். பிளானைப் பார்த்து அடியைச் சொல்வேன். அவர் அதை எட்டாக மாற்றி வாய்க்குள் சொல்லிக்கொள்வார். ஒரு வீட்டைச் சுற்றிவர அன்றைக்கு மத்தியானம் முழுக்க ஆனது. என் மணிக்கட்டு வலித்தது.

திருத்தம் சொன்னார். நிலைக்கு அடர்ந்த மரநிறம் சரி, ஆனால் தரையில் பூவேலை வேண்டாம், பூ எது படி எது என்று குழப்பும். குளியலறையில் வெள்ளைச் சுவருக்கு வெள்ளைத் தொட்டி வேண்டாம். அவர் காப்பி குடித்து முடித்து, தன் பேத்தியைப் பற்றிக் கொஞ்சம் பேசி, கீழே போய் என் வீட்டு அடுக்களையைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு வருவதற்குள் குளியலறைப் படம் புது நிறத்தில் வந்திருந்தது. பழைய பிராசஸர் என்றால் இன்னொரு நாள் பஸ் ஏறி வந்திருக்க வேண்டும்.

அப்படி அந்த ஆவணியில் அவர்கள் மூன்று தடவை வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் அரும்பு மல்லிகை ஒரு பொட்டலம் கொண்டுவருவார். கட்டாத உதிரிப் பூ. திரையைப் பார்த்துக் கண் களைத்ததும், கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பூவை நாரில் கட்டுவார். விரல்கள் அவை பாட்டுக்கு ஓடும். கட்டிக்கொண்டே அந்த வீட்டுக்குள் நடந்து பழகுகிறார் என்று எனக்குத் தோன்றும். ஒருமுறை, கண்ணைத் திறக்காமலே, கிணற்றுப் பக்கம் வெயில் எப்போது வரும் என்று கேட்டார். காலையில் ஒன்பதுக்கு என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

அந்த வேலை முடிந்தபிறகு பிராசஸருக்கு வேலை இல்லாமல் போகவில்லை. ஒரு மணி நேரத்தில் படம் வருகிறது என்று இன்ஜினியர்களுக்குத் தெரிந்துவிட்டது. முன்பு ஒரு வீட்டுக்கு ஒரு படம் கேட்டவர்கள் ஐந்து கேட்டார்கள். தூணை உருண்டையாகப் பார்ப்போம், சதுரமாகப் பார்ப்போம் என்றார்கள். ஒருவர் காலையில் ஏழு விதமாகக் கேட்டு, ஏழும் போய்ச் சேர்ந்ததும் மாலையில் முதலில் அனுப்பியதையே எடுத்துக்கொண்டார். பகல் தூக்கம் போயிற்று. பிளானில் இல்லாத அறைகளையும் நான் பிறகு அதிகம் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர், வாங்கியதற்கு வேலை பார்க்கிறதே என்று திருப்தியாக இருந்தார். சில நாள் ஏன் மாற்றினோம் என்றுகூட எனக்கு இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

ஒன்றரை வருஷம் கழித்து, தை பிறந்ததும் புதுவீட்டில் பால் காய்ச்சுகிறோம், வந்துவிட வேண்டும் என்று புருஷன்காரர் போன் செய்தார். நாங்கள் இரண்டு பேரும் போனோம். ரெட்டியார்சத்திரத்தில் இறங்கி, உள்ளே ஒன்றரை மைல் போக வேண்டும். இரண்டு பக்கமும் மல்லிகைத் தோட்டம். பனி இன்னும் விலகவில்லை. பாதை முடிகிற இடத்தில் பனிக்குள்ளிருந்து வீடு வந்தது. எத்தனையோ வீடுகளைப் பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறேன். நான் போட்ட ஒரு வீட்டுக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

சொந்தக்காரர்கள் கூட்டம். அக்காவுக்கு முன்பைவிடவும் குறைந்துவிட்டது என்று புருஷன்காரர் வாசலிலேயே என்னிடம் மெதுவாகச் சொன்னார். கிட்டே வந்து குரல் கொடுத்தால்தான் ஆள் தெரிகிறதாம். நான் போய்க் கையைப் பிடித்தேன். தங்கச்சியா என்றார். என் கையை விடாமல் என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

அவர்தான் எனக்கு வீட்டைக் காட்டினார். வேகமாக நடந்தார். இது நடுக்கூடம், இங்கே இரண்டு ஜன்னல், நாலு எட்டில் அடுத்த கதவு என்று சொல்லிக்கொண்டே போனார். கை சுவரைத் தொடவில்லை. அடுக்களையில் பால் பொங்கி, யாரோ சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களை ஒதுங்கச் சொல்லிவிட்டு, அலமாரியிலிருந்து தம்ளர்களை எடுத்து, எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் காப்பி ஊற்றினார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. என் வீட்டுக்காரர் தம்ளரை வாங்கிக்கொண்டு, கதவிலிருந்து அடுப்புவரைக்கும் எத்தனை எட்டு என்று வாய்க்குள் எண்ணிப் பார்த்தார்.

பின்கட்டுக்குப் போனோம். கிணற்றுப் பக்கம் வெயில் வந்திருந்தது. அக்கா அந்த வெயிலில் போய் நின்று முகத்தை நிமிர்த்திக்கொண்டார். மணி ஒம்பது ஆயிருச்சா என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஆச்சுங்கம்மா. ரெண்டு நிமிசம் கூட" என்றார்.

சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து யாரோ இலை போடக் கூப்பிட்டார்கள். நாங்கள் இன்னும் கொஞ்ச நேரம் அந்த வெயிலிலேயே நின்றுகொண்டிருந்தோம்.